சாமி பெயர் போட்ட டயர்

டயர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார்கள். உதைத்தால் என்ன தெரியும் என்று நானும் சர்வீஸ் முழுக்க யோசித்துவிட்டேன். ஒன்றும் தெரியாது, கால்தான் வலிக்கும். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாம், உதை விழுந்த அடுத்த நொடியே "பாத்தீங்களா சார், கல்லு மாதிரி கீது" என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வியாபாரம் முடிந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல வார்த்தைக்கு வேறு ஆள் பாருங்கள். நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். காபி வருவதற்குள் முடித்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு டயர் கடையில் நான் சேல்ஸ்மேன். அப்போதுதான் பத்துப் பேர் உட்காருகிற பெரிய வண்டிகள் ஊருக்குள் நிறையத் தென்பட ஆரம்பித்தன. நீங்கள் எஸ்.யூ.வி. என்கிறீர்கள். எங்களுக்கு அது வெறும் 'பெரிய வண்டி'. வாங்கும்போது தெருவே பார்க்கிற மாதிரி வாங்கிவிடுவார்கள். முதல் செட் டயர் தேய்ந்து, புது செட் என்ன விலை என்று கேட்கும்போதுதான் முகம் செத்துப்போகும். "இதைவிடக் கம்மியா ஒண்ணும் இல்லியா?" என்று குரல் இறங்கிவிடும்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் முதலாளிக்கு யோசனை வந்தது. அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், டயருக்கு முன்னால் ஜவுளி விற்றவர். கடைப் பெயர் போட்ட வேட்டி விற்ற மனிதருக்குக் கடைப் பெயர் போட்ட டயர் ஏன் விற்கக்கூடாது என்று தோன்றிவிட்டது. வடக்கே ஏதோ ஒரு சின்ன ஃபாக்டரியில் ஆர்டர் கொடுத்து, ரப்பரில் கடைப் பெயர் எழும்பி நிற்கிற மாதிரி அச்சுப் போட்டு வரவழைத்தார். கம்பெனி டயரைவிட நல்ல மலிவு. "துணியும் ரப்பரும் ஒண்ணுதான்வே. அளவு சரியா இருந்தாப் போதும்" என்றார். நானும் தலையாட்டினேன். சம்பளம் வாங்குகிறவனுக்கு அது ஒரு உடற்பயிற்சி.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கடைப் பெயர் முருகனின் பெயர்களில் ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி ஆசையாக ஒரு வேல் வேறு போடச் சொல்லியிருந்தார். முதல் வாரம் வந்த மயிலாப்பூர்க்காரர் ஒருவர் டயரைக் குனிந்து பார்த்தார். உதைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன் சார், சாணியிலயும் சாக்கடையிலயும் இவரையா உருட்டிண்டு போகச் சொல்றேள்?" என்று கேட்டார். நாய் வந்து காலைத் தூக்கினால் அந்தப் பாவம் யாருக்கு என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வாரம் மட்டும் மூன்று பேர் இப்படியே கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு வழி கண்டுபிடித்த மேதாவி நான்தான். அந்த டயரின் மறுபக்கம் ஓர் எழுத்துகூட இல்லாமல் வழுவழு என்று இருந்தது. பெயர் இருக்கிற பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் சாமி வண்டிக்கு அடியில் பத்திரமாக இருப்பார். நாய்க்கும் பிரச்சினை இல்லை, பக்தருக்கும் பிரச்சினை இல்லை. அண்ணாச்சி கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடையிலும் அந்த டயர்களைப் பெயர் சுவரைப் பார்க்கிற மாதிரிதான் மாட்டி வைத்தோம், யார் கையும் காலும் படாமல் இருக்க. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அளவு, தயாரித்த வாரம், எத்தனை பிளை என்கிற கணக்கு, அதாவது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது, எல்லாமே பெயர் இருந்த அதே பக்கத்தில்தான் இருந்தது. சாமியோடு சேர்த்து டயரின் மொத்த ஜாதகத்தையும் நான் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. மைசூர்பாகு நன்றாக இருந்தது.

முதல் லோடு ஆறு பிளை. பெரிய வண்டிக்கு அதுதான் வேண்டும். அது விற்றுத் தீர்ந்து, இரண்டாவது லோடாகப் பன்னிரண்டு டயர் வந்தது. காகிதத்தைப் பிரித்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து மாட்டச் சொன்னேன். படித்துப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மந்தைவெளியிலிருந்து ஒரு மாமி வந்தார். வீட்டு மாடியில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறவர். மறுநாள் கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் நிகழ்ச்சிக்கு எட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போகிறார். பழைய பெரிய வண்டி, நாலு டயரும் தேய்ந்து கிடந்தன.

"இத பாருங்கோ, எட்டுப் பொண்கள், நான், மிருதங்கக்காரர், டிரைவர். மேல கேரியர்ல டிரங்குப் பெட்டி நாலு. பாரம் தாங்குமோன்னோ?"

"யானையையே ஏத்துங்க மாமி."

"யானைக்கு அரங்கேற்றம் இல்லை. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"தாங்கும் மாமி. பயமே வேணாம்."

பில்லில் தன் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் சாதாரணமாக 'ரொக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற இடம் அது. எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவருடைய டிரைவர் தேசிங்கு, நொச்சிக்குப்பத்து ஆள், நாற்பது வயசு இருக்கும். மாட்டி முடித்ததும் அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"சார், பக்கம் பூரா மெத்துனு கீது. பழைய டயரு கை வச்சா கல்லு மாரி இருந்துச்சு. இன்னா மேட்டரு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இருப்பா, பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை. ஆனால் மாமி நிற்கிறார், ஃபிட்டர்கள் நிற்கிறார்கள், நான் கவுண்டர்காரன். "ஏம்ப்பா, குப்பத்துல மீன் அமுக்கிப் பாக்கிற கை அது. டயருக்கு அது சரிப்படாது. புது ரப்பர் மெத்துனுதான் இருக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், மாமி உட்பட. தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கடையில் வெள்ளி காலை பூஜை உண்டு. சுவரில் இருக்கிற டயரில் ஒன்றை இறக்கி, துடைத்து, சாமி பெயருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். அது என் வேலை. வேலுக்குப் பொட்டு வைத்துவிட்டு விரலைக் கீழே இறக்கினேன். பிளை ரேட்டிங் நாலு என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். நாலுதான். மிச்சம் மூன்றையும் இறக்கிப் பார்த்தேன். அவையும் நாலு. அளவு அதே அளவு, தாங்குகிற தெம்பு மட்டும் சின்னக் கார் டயருக்கு இருக்கிற தெம்பு. பதினோரு பேரையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடினால் அது சூடேறி வெடிக்கும். எங்கே வெடிக்கும் என்பதுதான் தெரியாது.

"அண்ணாச்சி, ரெண்டாவது லோடு ஆறு பிளை இல்ல, நாலு."

அண்ணாச்சி சூடத்தைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "அதான் விலை கம்மியாக் குடுத்தான்" என்றார், திரும்பாமலே.

"தெரியுமா உங்களுக்கு?"

"அளவு ஒண்ணுதானவே? நாலு டயர், நாலு பிளை. கணக்கு சரியாத்தான இருக்கு."

"நேத்து மந்தைவெளி மாமி வண்டிக்குப் போட்டிருக்கு. இன்னிக்குக் கும்பகோணம் போறாங்க. பதினோரு பேரு."

"போயிட்டு வரட்டும். வந்ததும் மாத்திக் குடுப்போம்."

மாமி வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. எட்டுப் பெண்களின் அம்மாக்களும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் கிளம்பிவிடுவோம் என்று மாமி முந்தின நாளே சொல்லியிருந்தார். மணி ஒன்பது நாற்பது. நான் செருப்பை மாட்டினேன்.

"இப்ப படி இறங்கினா திரும்ப ஏறாதவே" என்றார் அண்ணாச்சி. இறங்கிவிட்டேன். வீரம் கீரம் ஒன்றும் இல்லை. அந்த எட்டுப் பெண்களில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால், பேப்பரில் படத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான்.

ஆட்டோ தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோதே எனக்குள் இருந்த சேல்ஸ்மேன் வேலையை ஆரம்பித்துவிட்டான். உண்மையை எதற்குச் சொல்ல வேண்டும்? காற்று சரிபார்க்க வந்தேன் என்று சொல்லலாம். புது டயருக்கு மறுநாள் இலவசமாகப் பார்ப்பது எங்கள் கடை வழக்கம் என்று சொல்லலாம். நைசாக வண்டியைக் கடைக்கு வரவழைத்து, கமுக்கமாக மாற்றிவிடலாம். ஆழ்வார்ப்பேட்டை வருவதற்குள் மூன்று பொய் தயார்.

போய் இறங்கினால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தாகிவிட்டது. பெண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே அடைந்துகொண்டு கீச்சுக்கீச்சு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேசிங்கு என்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"மாமி, ஃப்ரீ செக்கப் மாமி. ஒரு அரை மணி நேரம் கடைக்கு வந்துட்டுப் போனீங்கன்னா..."

"என்னது? செக்கப்பா? ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கறோம். நகருங்கோ, நாழியாறது."

வண்டி உறுமியது. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பொய் சொல்லி டயரை விற்கலாம், ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாது. இரண்டு கையையும் பானட் மேல் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மாமி, நான் தப்பான டயர் போட்டுட்டேன். இந்த பாரத்தைத் தாங்காது. வெடிச்சிடும். கிளம்பாதீங்க."

மாமி இறங்கி வந்தார். "நேத்திக்கு எத்தனை தரம் கேட்டேன்?"

"ரெண்டு தரம்."

"ரெண்டு தரமும் என்ன சொன்னேள்?"

தேசிங்கு என்ஜினை அணைத்தார். தோள் துண்டைத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து போய், டயரின் உட்பக்க எழுத்தைப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

"மாமி, நாலுன்னு கீது. பழசுல ஆறுன்னு இருந்துச்சு, எனுக்குத் தெரியும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. "மீன் அமுக்குற கைன்னு சொன்னியே சார். மீனு அழுவிப்போச்சுன்னா கண்ணுக்கு முன்ன இந்தக் கைக்குத்தான் சார் தெரியும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மிருதங்கக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து இருபது மாமி, இன்னும் பத்து நிமிஷத்துல ராகு காலம்" என்றார்.

"இருக்கட்டும். ராகு காலத்துல கிளம்பினா போய்ச் சேர நாழியாகும். இந்த டயர்ல கிளம்பினா போயே சேர மாட்டோம். எல்லாரும் இறங்குங்கோடி" என்றார் மாமி.

காலி வண்டியைத் தேசிங்கு மெதுவாகக் கடைக்கு ஓட்டிவந்தார். மாமி வீட்டில் காத்திருக்கவில்லை. பெண்களை மூன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தி.நகர் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கடை வாசலில் எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்க, நட்டுவாங்கம் சொல்லிப் பழகிய குரலில் மாமி கேட்டார்: "இந்தக் குழந்தேள்ல எந்தக் குழந்தை போனாப் பரவாயில்லைன்னு உங்க முதலாளியை வந்து சொல்லச் சொல்லுங்கோ."

புடவை வாங்க வந்த கூட்டமெல்லாம் நின்றுவிட்டது. அண்ணாச்சி வெளியே வந்தார். படி ஏறாதே என்று சொன்ன மனிதர், "என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு? அம்மாவுக்கு நாற்காலி போடும். பிள்ளைகளுக்குக் குடிக்கக் கலர் சொல்லும்" என்றார். கம்பெனி டயர் நாலும் ஏறியது. வித்தியாசக் காசைக் கேட்க அண்ணாச்சி வாயைத் திறந்தார். மாமி பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு அடித்து, ராகு காலம் முடிந்து, வண்டி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்ததாக மாமி மறுநாள் போன் செய்து சொன்னார். கூடவே கால் மணி நேரம் திட்டினார்.

இதோடு நிறுத்தினால் நான் ரொம்ப நல்லவன். நீங்களும் கை தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம்.

ஆனால் வந்த டயர் பன்னிரண்டு. சுவரில் நாலு, மாமி வண்டியிலிருந்து கழற்றியது நாலு. மிச்சம் நாலை அதற்கு முந்தின சனிக்கிழமை நானே விற்றிருந்தேன். அடையாறிலிருந்து வந்தவர். வெள்ளைப் பெரிய வண்டி, கூட மனைவி, ஒரு பையன், தோளில் தூங்குகிற ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு முடியிறக்கப் பழனி போகிறோம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. பில்லைப் புரட்டினேன். பெயர் எழுதுகிற இடத்தில் என் கையெழுத்தில் 'ரொக்கம்'.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "டயர்ல யாரு பேரு போட்டிருக்கு? அவிய எங்க போறாவ? பழனிக்குத்தான? அவன் பாத்துக்குவான் போம்வே" என்றார். முருகனுக்கு வாரண்டி கார்டு போட்ட முதல் வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு போனேன். காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் என்று தெருத் தெருவாக நடந்தேன். வெள்ளைப் பெரிய வண்டி எது நின்றாலும் சக்கரத்தருகே குனிந்து, வெளிப்பக்கம் எழுத்தில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வாட்ச்மேன் டயர் திருடன் என்று சட்டையைப் பிடித்தான். இல்லப்பா, நான் டயர் வித்தவன் என்றேன், அதற்கும் விடவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். பெசன்ட் நகர்வரை நடந்தேன். கிடைக்கவில்லை. தினமும் காலையில் பேப்பரில் விபத்துச் செய்தியை முதலில் படித்தேன். பழனிச் சாலை என்று கண்ணில் பட்டால் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் மெல்ல மெல்ல விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழு மாசம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் கடைக்குள் வந்தார். அதே ஆள். வாயெல்லாம் சிரிப்பு.

"சார், ஞாபகம் இருக்கா? டயர்னா டயர் சார்! பழனி, குருவாயூர், திருப்பதி, எல்லாம் போயாச்சு. ஒரு பஞ்சர் இல்ல. என் மச்சானும் இதே வண்டி வாங்கியிருக்கான். அதே டயர் ஒரு செட் வேணும்."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கேட்டீரா?" என்றார்.

நான் வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். பின்பக்க இடது டயரின் உட்புறத்தில், வேலுக்குப் பக்கத்தில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அவரைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னேன். கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் நாலு பிளை, ஆறு பிளை, பில்லில் எழுதாத பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து இரண்டு தடவை இருமினார்.

அவர் வீக்கத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"நேத்து மகாபலிபுரம் போயிட்டு வந்தோம். பாப்பா இந்தப் பக்கம்தான் உக்காருவா" என்றார்.

"உங்களைத் தேடினேன் சார். அடையாறு பூரா, தெருத் தெருவா."

"எப்போ?"

"தெரிஞ்ச உடனே. ரெண்டு ஞாயித்துக்கிழமை."

அவர் எழுந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்:

"மூணாவது ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க?"

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டிவியில் கிரிக்கெட் இருந்தது.